நாற்பத்தொரு நாள்

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை முதல் தடவை எழுதித் தோற்றபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அழவில்லை. முடிவு வந்த அன்று மாலை தன் விடைத்தாளின் நகலையும் சரியான விடைகளின் பட்டியலையும் சாப்பாட்டு மேசையில் பக்கம் பக்கமாக விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நூற்றெண்பது கேள்விகள். சரியாக எழுதினால் நான்கு மதிப்பெண், தவறினால் ஒன்று கழிவு. தவறிய ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து ஏன் தவறியது என்று பிரித்தாள். பாடமே தெரியாமல் போனது ஒரு வரிசை. தெரிந்தும் அவசரத்தில் கோட்டைவிட்டது ஒரு வரிசை. குருட்டாம்போக்கில் குறித்தது ஒரு வரிசை. கடைசி வரிசைதான் பக்கத்தின் அடிவரை இறங்கியது.

அம்மா ரொட்டி ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்தாள். வேலை முடிந்து வந்தவள், தலையில் மாட்டியிருந்த வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இன்னொரு வருடம் என்றால் இந்தத் தடவை எதை மாற்றப் போகிறாய் என்று மட்டும் கேட்டாள். மகள் மூன்று வரிசைகளையும் காட்டினாள்.

"எங்க ஆலையிலயும் இப்படித்தான்," என்றாள் அம்மா. "கருகினது தனி, உடைஞ்சது தனி, எடை குறைஞ்சது தனி. மொத்தமா வீணாப்போச்சுன்னு எழுதினா எந்த அடுப்பு கெட்டிருக்குன்னு தெரியாது."

அப்பாவின் பாடுதான் திண்டாட்டம். அவர் பதினொரு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவர். பொத்தான் பலகைக்கு அருகே முக்காலி போட்டு உட்கார்ந்தபடியே இருபது வருடத்தை ஓட்டியவர். மகள் டாக்டர் பரீட்சை எழுதுகிறாள் என்று ஏறி இறங்கிய எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். இப்போது ஏறுகிறவர்களெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். இரண்டாவது மாடிக்காரர் கேட்டால் தப்பித்துவிடலாம். பதினொன்றாம் மாடிக்காரர் கேட்டால் கதவு திறக்கும்வரை பதில் சொல்லியாக வேண்டும். ஒரு வாரம் சமாளித்துவிட்டு, அடுத்த வருடம் நிச்சயம் என்று அவரே முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். அப்படிச் சொல்லிவிட்ட பிறகு வீட்டில் வேறு பேச்சுக்கு இடமில்லை.

நகரத்தின் நடுவில், பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பயிற்சி நிலையத்தில் அவளைச் சேர்த்தார்கள். கீழ் மூன்று தளங்களில் வகுப்புகள். நான்காவது தளம் பெண்கள் விடுதி. விடுதி என்று பெயர்தானே தவிர, ஒரு பெரிய கூடத்தை ஒட்டுப்பலகையால் முப்பத்தொரு அறைகளாகத் தடுத்திருந்தார்கள். ஓர் அறைக்கு இரண்டு கட்டில், இரண்டு மேசை, நடுவில் ஒருவர் பக்கவாட்டில் நடக்கும் அளவுக்கு இடம். தெருவின் இரைச்சல் படிப்பைக் கெடுக்கும் என்று ஜன்னல்களையெல்லாம் ஆணியடித்து மூடி, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். காற்றுக்குக் கூரையில் சுழலும் எட்டு விசிறிகள். ஓர் அறையில் தும்மினால் நான்கு அறை தள்ளி ஒருத்தி, "கொஞ்சம் மெதுவா" என்பாள்.

அங்கே அவளுக்குக் கறார் என்று பெயர் வைத்தார்கள். பெயருக்கு ஏற்ற மாதிரிதான் நடந்துகொண்டாள். படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்க மாட்டாள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து வெள்ளைத்தாளில் எழுதுவாள். எழுத வராத இடத்தை மட்டும் மறுபடி திறந்து பார்ப்பாள். ஒரு பாடத்தை முடித்தால் மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை என்று நாட்காட்டியில் குறித்துவைத்துத் திரும்பிப் பார்ப்பாள். தவறுகளுக்கு என்று தனி நோட்டு. உண்மையான தேர்வு நடக்கும் அதே பிற்பகல் நேரத்தில், அதே மூன்று மணி நேரக் கணக்கில், தண்ணீர்கூடக் குடிக்காமல் மாதிரித் தேர்வு எழுதிப் பழகினாள். யாராவது வந்து ஊர்க்கதை பேசினால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். வந்தவள் எழுந்து போய்விடுவாள்.

அவளுடைய அறையில் இன்னொரு கட்டிலில் இருந்தவளுக்கு விசில் என்று பெயர். இயற்பியல் கணக்குப் போடும்போது அவளை அறியாமல் உதடு குவிந்து சீழ்க்கை வந்துவிடும். கணக்கு எளிது என்றால் வேகமான மெட்டு. சிக்கலானால் ஒரே ஸ்வரத்தில் இழுவை. பக்கத்து அறைக்காரி தட்டியில் தட்டி, "ஏய், இந்தக் கணக்கு வரலயா உனக்கு" என்று கேலி செய்வாள். தகப்பன் இல்லாத பெண். அம்மா மெத்தை தைக்கும் பட்டறையில் வேலை. விசிலுக்கும் அது இரண்டாவது முயற்சிதான்.

கறாருக்கு இயற்பியல் என்றால் வேப்பங்காய். விசிலுக்கு உயிரியல் படங்களைப் பார்த்தாலே கொட்டாவி. அதனால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மாலை ஆறிலிருந்து ஏழுவரை ஒருத்தி மற்றவளுக்குப் பாடம் சொல்ல வேண்டும், புத்தகத்தைப் பார்க்காமல். கேட்கிறவள் வேண்டுமென்றே முட்டாள்தனமான சந்தேகங்களாகக் கேட்க வேண்டும். இதயத்தின் நான்கு அறைகளை விளக்கும்போது விசில், "நாலு அறைன்னா வாடகை யாரு தர்றது" என்பாள். கறார் சிரிக்காமல் பதில் சொல்லப் பார்த்துத் தோற்றுப்போவாள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் கறார் சிரித்தாள் என்று பிற்பாடு மற்றப் பெண்கள் சொன்னார்கள்.

ஞாயிறுதோறும் தேர்வு. திங்கள் காலை படிக்கட்டுச் சுவரில் பட்டியல் ஒட்டுவார்கள். முதல் நாற்பது பேருக்கு முன்கூடம், நல்ல ஆசிரியர்கள். மற்றவர்களுக்குப் பின்கூடம், அங்கே ஒலிபெருக்கியும் சரியில்லை, பலகையும் சரியில்லை. மாதம் ஐந்து ஓடியபோது கறார் பதினொன்றாம் இடத்திலும் விசில் இருபத்தாறாம் இடத்திலும் இருந்தார்கள்.

அப்போதுதான் விசிலுக்கு இருமல் வந்தது. விடுதியில் யாருக்குத்தான் இருமல் இல்லை. காப்பாளர் அம்மாள் ஒரு புட்டி இருமல் மருந்தை வாங்கிவைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் மூடியில் ஊற்றித் தருவாள். விசிலும் குடித்தாள். மூன்று வாரம் குடித்தாள். மாலைப் பாடம் சொல்லும்போது நடுவில் மூச்சு வாங்கியது. அந்த நேரம் பார்த்து உடம்பு கொஞ்சம் சுடும். கவலையில் சுடுகிறது என்றாள் அவளே. விடியற்காலையில் தலையணை உறையைக் கழற்றி, விசிறிக்கு நேராகக் கம்பியில் காயப்போடுவாள். கைக்கடிகாரம் முழங்கை வரை வழுக்கி ஏறியது. பரீட்சைதான் உனக்கு நல்ல பத்தியம் என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள். கறார் இதையெல்லாம் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தாள். ஆனால் அவள் கணக்கில் அவையெல்லாம் படிப்புக்கு வந்த இடைஞ்சல்கள். அவ்வளவுதான்.

இரவில் இருமல் விடாமல் படுத்தியது. கறாருக்குத் தூக்கம் கெட்டது. பட்டியலில் பதினொன்றிலிருந்து பத்தொன்பதுக்கு இறங்கினாள். தவறு நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது அவசரத்தில் தவறியவை இரண்டு மடங்காகியிருந்தன. எந்த அடுப்பு கெட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் காப்பாளருக்குக் கடிதம் எழுதினாள். அறைத்தோழியின் இருமலால் தன் படிப்பு கெடுகிறது, தயவுசெய்து அறை மாற்றித் தர வேண்டும் என்று நான்கு வரி. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மடித்துக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

அவளை மாற்றவில்லை. விசிலைத்தான் மாற்றினார்கள். மொட்டைமாடிப் படிக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, பழைய நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறை. நாற்காலிகளை ஒரு பக்கமாக அடுக்கிவிட்டுக் கட்டில் போட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது விசில் வாசலில் நின்றாள்.

"இடைஞ்சலா இருக்குன்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா இருமாம இருந்திருப்பியா?" என்றாள் கறார்.

கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. விசில், சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் போனாள். மாலைப் பாடம் அதோடு நின்றது. அடுத்த வாரம் கறார் பன்னிரண்டாம் இடத்துக்கு ஏறினாள். விசில் ஐம்பத்தெட்டுக்கு இறங்கிப் பின்கூடத்துக்குப் போனாள்.

தேர்வுக்கு இன்னும் நாற்பத்தொரு நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, உயிரியலுக்கு மட்டும் தனித் தேர்வு வைத்தார்கள். முப்பத்து நான்காவது கேள்வி: ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல், நோய் எது, பரவும் வழி எது? நான்கு விடைகள். கறார் அதை ஒன்பது விநாடியில் முடித்தாள். காசநோய், காற்றின் வழி. அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

தேர்வு முடிந்து தண்ணீர் பிடிக்க மாடிக்குப் போனபோது, விசில் தொட்டியடியில் உட்கார்ந்திருந்தாள். கையில் கேள்வித்தாள். கறாரைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள்.

"முப்பத்து நாலுக்கு என்ன போட்ட?"

கறார் சொன்னாள்.

"நானும் அதான் போட்டேன்," என்றாள் விசில். கேள்வித்தாளை மடித்து, மறுபடி விரித்தாள். "அந்தக் கேள்வியில இருக்கறது நான்தான்."

கறாரின் கையிலிருந்த புட்டி நிரம்பி வழிந்தது. குழாயை மூடினாள். ஒட்டுப்பலகைகள், கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னல்கள், அறுபத்திரண்டு கட்டில்கள் எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தன. அதற்கு மறுநொடி வந்தது நாட்காட்டி. இப்போது வெளியே சொன்னால் விடுதியை மூடுவார்கள். எல்லோரையும் பரிசோதனைக்கு வரிசையில் நிறுத்துவார்கள். யாருடைய அறையில் இருந்தாள் என்று முதலில் கேட்பார்கள். அந்த அறையில் இருந்த தன்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். லிஃப்டில் அப்பா மறுபடியும் பதினொரு மாடிக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். இவ்வளவும் அவள் மனதில் ஓடியது. இதையெல்லாம் பிற்பாடு யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, அங்கேயே, அந்தக் குழாயடியிலேயே தெளிவாக ஓடியது என்று அவளே ஒரு நாள் ஒத்துக்கொண்டாள்.

"நிச்சயமாத் தெரியாதில்ல," என்றாள் கறார்.

"தெரியாது."

"ரத்தம் வந்துச்சா?"

"இல்ல."

"அப்போ நாற்பத்தொரு நாள்தான். பரீட்சை முடிஞ்ச மறுநாள் ரெண்டு பேரும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

விசில் வாக்குவாதம் செய்யவில்லை. அந்தப் பதிலைக் கேட்கத்தான் அவள் உட்கார்ந்திருந்தாள் போலிருந்தது. அவளுக்கும் இது கடைசி முயற்சி. மூன்றாவது வருடத்துக்கு அம்மாவால் முடியாது. ஆகவே இருவரும் அங்கேயே உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். பாடத்துக்குத் திட்டம் போடுகிற மாதிரியே போட்டார்கள். மாலை ஐந்துக்குக் காய்ச்சல் மாத்திரை. வாயை மூட இரண்டு கைக்குட்டை, தினமும் வெந்நீரில் அலச வேண்டும். வகுப்பில் கடைசி வரிசை. சாப்பாட்டுத் தட்டு தனி. இருமல் வந்தால் வெளியே போய்விட வேண்டும். கறார் அதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தாள். எழுத்து அழகாக இருந்தது. பிறகு ஒருநாள்விட்டு ஒருநாள் மாடிக்குப் போய், நான்கு அடி தள்ளி நின்று, எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு வருவாள். இன்னும் முப்பத்தேழு, இன்னும் முப்பத்தைந்து என்று விசிலே எண்ணிச் சொல்வாள்.

எண்ணிக்கை இருபத்து நான்குக்கு வந்தபோது அது நடந்தது. முழு மாதிரித் தேர்வு. இரண்டு கூடத்துப் பெண்களையும் பெரிய மண்டபத்தில் ஒன்றாக உட்காரவைத்திருந்தார்கள். இரண்டாம் மணி நேரத்தில் பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இருமல் வந்தால் எழுந்து போக வேண்டும் என்ற ஏற்பாட்டின்படி விசில் எழுந்திருந்தாள். இரண்டு அடி வைப்பதற்குள் உட்கார்ந்துவிட்டாள். கைக்குட்டை போதவில்லை. விடைத்தாளிலும் மேசையிலும் தரையிலும் ரத்தம். முன்வரிசையில் இருந்த கறார் திரும்பிப் பார்த்தாள். அவள் கையில் பென்சில் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டாவது கேள்வியில் இருந்தாள். இரண்டு ஆசிரியர்களும் கூட்டுகிற அம்மாவும் ஓடிப்போய் விசிலைத் தூக்கினார்கள். கண்காணிப்பாளர், எல்லோரும் அவரவர் தாளைப் பாருங்கள், நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். கறார் தாளைப் பார்த்தாள். நூற்றெண்பதையும் முடித்தாள். அன்று அவளுக்கு நான்காம் இடம்.

வயிற்றுப்புண் வெடித்துவிட்டது, ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று மறுநாள் அறிவித்தார்கள். உண்மையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து சுகாதாரப் பணியாளர் ஒருவர் வந்து, அவளோடு யார் யார் தங்கியிருந்தார்கள் என்று விசாரித்தார். காப்பாளர் அம்மாள் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். ஒன்றரை மாதமாகத் தனி அறை. எதற்காகத் தனி அறை என்பதற்குச் சான்றாகக் கறார் எழுதிய கடிதத்தையும் எடுத்து நீட்டினாள். வந்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்காமலேயே குறித்துக்கொண்டு, காப்பாளரையும் கூட்டுகிற அம்மாவையும் மட்டும் பரிசோதனைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சமயத்தில் கறார் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். தன் கையெழுத்து அந்த மேசையில் கிடப்பதைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டாள். நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வகுப்புக்கு நேரமாகியிருந்தது.

தேர்வு முடிந்த அன்று பெண்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடியும் இறங்கினார்கள். கறார், விசில் எந்த வார்டில் இருக்கிறாள் என்று காப்பாளரிடம் கேட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து போவதாகச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அதை ஒரு வேலையாகத் தாளில் குறித்தும் வைத்திருந்தாள். காப்பாளர் அம்மாள் முதலில் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நான்கு நாளைக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை ரத்தம் வந்தபோது தாங்கவில்லை. பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் மனம் உடைந்துவிடும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு.

கறார் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள். பின்னால் இறங்கியவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். அப்பா கீழே ஆட்டோவுடன் காத்திருந்தார். எப்படி எழுதினாய் என்று கேட்டார். நன்றாக எழுதியதாகச் சொன்னாள். அது பொய்யில்லை.

முடிவு வந்தபோது ஊரே பார்க்கிற அளவுக்கு மதிப்பெண். இடம் கிடைத்துவிட்டது. அப்பா லிஃப்டில் ஏறிய எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். பதினொன்றாம் மாடிக்காரர் கையைக் குலுக்கினார் என்று வீட்டுக்கு வந்து மூன்று தடவை சொன்னார். அம்மா மட்டும், ஏன்டி முகம் இப்படிக் கிடக்கு என்று கேட்டாள். அவள் களைப்பு என்றாள்.

கல்லூரியில் சேருமுன் உடல் தகுதிச் சோதனை. மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். மறுபடி ஒன்று எடுக்க வேண்டும் என்றார்கள். நரைத்த தலையுடன் ஒரு பெண் டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, வலது நுரையீரலின் உச்சியில் ஒரு மங்கலைப் பேனாவால் சுற்றிக் காட்டினார். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை. வீட்டில் யாருக்காவது உண்டா என்றார். இல்லை. அப்புறம் எப்படி என்று டாக்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, கறார் வாயைத் திறந்தாள்.

ஒன்றையும் விடவில்லை. தலையணை உறை, கடிதம், தொட்டியடி, முப்பத்து நான்காவது கேள்வி, எழுதிக் கொடுத்த தாள், படிக்கட்டில் நிற்காமல் போனது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். டாக்டர் நடுவில் குறுக்கிடவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"அந்த மாடியில எத்தனை பேர் இருந்தீங்க?"

"அறுபத்திரண்டு."

டாக்டர் ஒரு தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். அறை வாரியாக, கட்டில் வாரியாக அவள் எழுதினாள். அறுபத்திரண்டு பெயரும் வந்தன; ஒன்பது பேருக்கு ஊர் முகவரிகூட வந்தது. பின்கூடத்தில் விசிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைத் தனியாக எழுதினாள். இரண்டு மாதத்தில் அவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். ஐந்து பேருக்கு நோய் இருந்தது. அதில் ஒருத்திக்கு முதுகெலும்பில் பரவி, ஒரு காலை இழுத்துத்தான் நடக்க வேண்டியதாயிற்று. பயிற்சி நிலையத்துக்குப் பூட்டுப் போட்டார்கள்.

கறாருக்கு ஆறு மாத மருந்து. கல்லூரி, மருந்து தொடங்கிப் பரவும் ஆபத்து நீங்கிய பிறகு சேரலாம் என்று எழுதிக் கொடுத்தது. அந்த இடைவெளியில் ஒரு நாள் அவள் விசிலின் அம்மாவைத் தேடிப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. போகாதே, அந்த அம்மா உன்னைச் சும்மா விடமாட்டாள் என்று அவள் அம்மாவே தடுத்துப் பார்த்தாள்.

மெத்தைப் பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. உள்ளே மூன்று பெரிய மேசைகள்; ஒவ்வொன்றிலும் ஒரு மெத்தை, நான்கு பக்கமும் பெண்கள் நின்று வளைந்த ஊசியால் ஓரம் தைத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சுத் தூசி வெளிச்சத்தில் மிதந்தது. மேற்பார்வையாளர் கூப்பிட்டதும் ஒரு பெண் ஊசியை மெத்தையில் குத்திவைத்துவிட்டு வந்தாள். சின்ன உருவம். விசிலின் நெற்றியும் புருவமும் அப்படியே இருந்தன. கொட்டகைக்குப் பின்னால், அடுக்கிவைத்த துணி மூட்டைகளின் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் அவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கறார் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே தயார் செய்திருந்தாள். எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்றுகூட வைத்திருந்தாள். பாதியில் அந்த வரிசை கலைந்துபோனது. தொட்டியடியில் நாற்பத்தொரு நாள் பொறுக்கச் சொன்னது நான்தான் என்பதை மட்டும் எப்படியோ சொல்லி முடித்தாள். சொல்லிவிட்டு, அடியோ வசவோ விழும் என்று காத்திருந்தாள்.

அந்த அம்மாள் விரலில் மாட்டியிருந்த தோலுறையைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன்கிட்ட என்னிக்குச் சொன்னா?"

"அந்த ஞாயித்துக்கிழமை. மத்தியானம்."

"எனக்கு அன்னிக்குச் சாயந்தரம் போன் பண்ணினா," என்றாள் அந்த அம்மாள். "அம்மா, எனக்கு இந்த மாதிரி இருக்குமோன்னு பயமா இருக்குன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இத்தன நாள் இருந்துட்ட, இன்னும் ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருடி. எழுதிட்டு வந்துடுன்னேன்."

கொட்டகைக்குள் யாரோ மெத்தையைப் புரட்டிப் போட்டார்கள். பொத்தென்று சத்தம் கேட்டது.

"அதுக்கு என்ன சொன்னா?" என்று கறார் கேட்டாள்.

"சரின்னா. அவளும் அதத்தான் சொன்னான்னு உன் பேரைச் சொன்னா. நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்கன்னு சிரிச்சா."

அந்த அம்மாள் எழுந்து, வேலை கிடக்கிறது என்றாள். நடக்கத் தொடங்கியவள் நின்று, சேரப் போகிறாயா என்று கேட்டாள். கறார் ஆமாம் என்றாள். அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"சேரு," என்றாள் அந்த அம்மாள். "நீ சேராம இருந்தா மட்டும் எனக்கு என்ன வந்துடப் போகுது."

அது மன்னிப்பா வசவா என்று கறாருக்கு அன்றும் புரியவில்லை, பின்னாலும் புரியவில்லை. தோலுறையை மாட்டிக்கொண்டு அந்த அம்மாள் உள்ளே போனாள்.

கறார் சேர்ந்தாள். படித்தாள். அவளுடைய முறை கல்லூரியிலும் பலித்தது. ஒரு தேர்விலும் தவறவில்லை. ஆனால் மாலையில் யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கவில்லை. கூப்பிட்டவர்களிடம் தனியாகப் படித்தால்தான் ஏறும் என்று சொல்லிவிட்டாள். அப்பா ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் அவள் டாக்டர் ஆனாள். நெஞ்சுநோய்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். எவ்வளவோ நல்ல பிரிவுகள் இருக்க இதை ஏன் எடுத்தாய் என்று அப்பா கேட்டார். அங்கே இடம் காலியாக இருந்தது என்றாள். கண்டிப்பானவள், நோயாளியிடம் இரண்டு வார்த்தை இனிமையாகப் பேசத் தெரியாதவள் என்று அங்கே பெயர். மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்கள் அவளுக்குப் பயந்து வேறு நாளில் வருவார்கள். காலை இழுத்து நடக்கிற அந்தப் பழைய விடுதிப் பெண் ஒரு தடவை வேறு எதற்கோ ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். அவள் வந்து பேசவில்லை. கறாரும் எழுந்து அவளிடம் போகவில்லை.

பயிற்சி நிலையம் இரண்டு வருடத்தில் வேறு பெயரில், வேறு தெருவில் திறந்துவிட்டது. ஒரு நாள் பேருந்திலிருந்து இறங்கும்போது எதிரே அதன் பெரிய விளம்பரப் பலகை தெரிந்தது. எங்கள் வெற்றியாளர்கள் என்று வரிசை வரிசையாக முகங்கள். மூன்றாம் வரிசையில் அவள் முகம், பத்தொன்பது வயதில், இறுக்கமாகப் பின்னிய ஜடையுடன். கீழே அவள் பெற்ற மதிப்பெண்.

அவள் உள்ளே போனாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் புதியவள். பலகையில் மூன்றாம் வரிசையில் இருக்கும் ஒரு படத்தை எடுத்துவிட வேண்டும் என்று கறார் கேட்டுக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பலகையை வைத்தது வேறு ஆட்கள், மேலதிகாரி வந்தால் சொல்கிறேன் என்றாள். பிறகு, உங்கள் தங்கைக்காக விசாரிக்க வந்தீர்களா என்று கேட்டு ஒரு விண்ணப்பப் படிவத்தை நீட்டினாள். கறார் அதை வாங்கி மேசையிலேயே திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை போய்ச் சொன்னாள். படத்தை எடுக்கவில்லை.